பால் மரத்துச் சங்கிலியை எடை போடுவது எப்படி?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அரங்கில் கேட்கப்பட்ட கேள்விகளில் சில இறுதியில் இடம்பெறுகின்றன.)



'பாலிமர்களின் வேதியியல் அமைப்பை எடை கொண்டு அறிதல்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்துவிட்டார்கள். கேட்டதுமே சில வீடுகளில் வேறு அலைவரிசைக்கு மாற்றியிருப்பார்கள். மாற்றாமல் இருப்பவர்களுக்காக, ஒரு தொலைபேசி அழைப்பிலிருந்து தொடங்குகிறேன்.

2018ஆம் ஆண்டு. பந்திங்கில் இருக்கும் என் சின்னம்மா ஓர் இரவு அழைத்தார். "தம்பி, ராத்திரியானா ஜெஞ்சாரோம் பக்கமிருந்து ஒரு நெடி வருது. தொண்டை எரியுது. கதவைச் சாத்தினாலும் உள்ளே வந்துடுது. நீதான் கெமிஸ்ட்ரி படிச்சவனாச்சே, என்னத்தை எரிக்கிறாங்கன்னு சொல்லு" என்றார். பிளாஸ்டிக்கை எரிக்கிறார்கள் என்றேன். "பிளாஸ்டிக்குன்னு எனக்கே தெரியுதே! என்ன பிளாஸ்டிக்கு?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. மூக்கை வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்லவும் முடியாது.

அந்த ஆண்டு என்ன நடந்தது என்பதைப் பலர் மறந்திருக்கலாம். 2018 ஜனவரியில் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவுகளுக்குக் கதவை மூடியது. பணக்கார நாடுகளின் குப்பை திசை மாறி நம் நாட்டுப் பக்கம் வந்தது. கிள்ளான் துறைமுகத்துக்கு அருகில் இருப்பதால் கோல லங்காட் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டங்களின் ஓரங்களிலும் ஒதுக்குப்புற நிலங்களிலும், உரிமம் இல்லாத ஆலைகள் முளைத்தன. விலை போகக்கூடியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை இரவில் கொளுத்தினார்கள். குடியிருப்பாளர்கள் குழுவாகச் சேர்ந்து புகார் கொடுத்த பிறகே அதிகாரிகள் வந்து ஆலைகளை மூடினார்கள்.

ஆனால் சின்னம்மாவின் கேள்வி அப்படியே நின்றது. அது வெறும் ஆர்வத்தில் கேட்ட கேள்வி அல்ல. கடைப்பையை எரித்தால் வரும் புகை வேறு, பழைய நீர்க்குழாயை எரித்தால் வரும் புகை வேறு. முன்னதில் இருப்பது கார்பனும் ஹைட்ரஜனும். பின்னதாகிய பிவிசியில் எடையில் பாதிக்கு மேல் குளோரின். அதை எரித்தால் அமிலப் புகை வரும். அரைகுறைச் சூட்டில் எரித்தால் டையாக்ஸின் என்னும் கொடிய நச்சும் உருவாகலாம். ஆகவே 'என்ன பிளாஸ்டிக்' என்பது, என்ன நஞ்சு என்பதற்குச் சமமான கேள்வி.

கொட்டாயில் நடந்த விசாரணை

சின்னம்மா முப்பது ஆண்டுகள் பால் மரம் வெட்டியவர். இப்போது பந்திங் சுற்றுவட்டாரம் முழுக்கச் செம்பனை. அவர் காலத்தில் பெரும்பாலும் ரப்பர். ரப்பரும் ஒரு பாலிமர்தான். நம் மக்கள் மூன்று தலைமுறையாக உளியால் சீவி, மங்கில் பிடித்து, காண்டா வாளியில் சுமந்தது உலகத்தின் மிக முக்கியமான இயற்கைப் பாலிமர்களில் ஒன்று. அதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

பால் கொட்டாயில் என்ன நடக்கும்? வாளியை வைத்ததும் கிராணி எடை பார்ப்பார். அதோடு விட்டுவிட மாட்டார். மெட்ரோலாக் என்ற மிதவையைப் பாலில் மிதக்கவிட்டு, எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பார். பாலில் சுமார் 30 முதல் 40 விழுக்காடுதான் ரப்பர், மற்றதில் பெரும்பகுதி தண்ணீர். யாராவது கூடுதலாகத் தண்ணீர் கலந்திருந்தால் மிதவை காட்டிக்கொடுத்துவிடும். "நம்ம வாய் சொல்றதை நம்ப மாட்டாங்க, அந்தக் கண்ணாடிக் குச்சி சொல்றதைத்தான் நம்புவாங்க" என்று சின்னம்மா இன்றைக்கும் சொல்வார்.

பாலுக்கு இந்த விசாரணை இருந்தது. ஆனால் காய்ந்த ஷீட்டு ரப்பருக்கு? வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, குமிழி இருக்கிறதா, அழுக்கு இருக்கிறதா, நிறம் எப்படி என்று கண்ணால் பார்த்துத் தரம் பிரித்தார்கள். அந்த முறைக்கு மாற்றாக 1965ஆம் ஆண்டில் மலேசியா தர ரப்பர்த் திட்டத்தைக் கொண்டுவந்தது. அழுக்கு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, நைட்ரஜன் எவ்வளவு என்று சோதனைக்கூடத்தில் அளந்து, அந்த அளவை வைத்தே விற்பது. ரப்பரைக் கண்ணால் அல்ல, அளவால் மதிப்பிட வேண்டும் என்று உலகச் சந்தைக்குச் சொன்ன நாடு நம் நாடு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

நிரையும் நிறையும்

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு 'நிரை' தெரியும். வரிசையாக நிற்கும் மரங்கள். ஒருவருக்கு இத்தனை நிரை என்று பிரித்துக் கொடுப்பார்கள். எழுத்தில் ஒரே ஓர் எழுத்து மாறினால் 'நிறை', அதாவது எடை. பாலிமர் என்பது நிரையும் நிறையும் சேர்ந்த விஷயம்.

ஒரு சிறிய மூலக்கூறு, அதன் கையைப் பிடித்துக்கொண்டு அதே மாதிரி இன்னொன்று, அதன் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று என்று ஆயிரக்கணக்கில் நிரையாகக் கோத்தால் அது பாலிமர். பாடநூலில் பலபடி என்று படித்திருப்பீர்கள். ரப்பரில் அந்தச் சிறிய அலகின் பெயர் ஐசோப்ரீன். அதில் ஐந்து கார்பன், எட்டு ஹைட்ரஜன். ஹைட்ரஜன் அணுவின் எடையை 1 என்று வைத்தால் கார்பனின் எடை 12. ஐந்து பன்னிரண்டு 60, கூட 8, மொத்தம் 68. இந்த 68 என்ற எண்ணை மறக்க வேண்டாம்.

இதைக் கண்டுபிடிக்கவே உலகத்துக்கு நூறு ஆண்டுகள் பிடித்தன. 1826ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே, ரப்பரில் கார்பனும் ஹைட்ரஜனும் ஐந்துக்கு எட்டு என்ற விகிதத்தில் இருப்பதைச் சொன்னார். 1860இல் கிரெவில் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயர் ரப்பரை மூடிய கலத்தில் சூடாக்கி, வெளிவந்த ஆவியைக் குளிரவைத்துப் பிடித்தார். எளிதில் ஆவியாகும் ஒரு திரவம் கிடைத்தது. ஐசோப்ரீன் என்று பெயர் வைத்தவர் அவர்தான். கூடவே அதைவிடக் கனமான இன்னொரு திரவமும் கிடைத்தது. இரண்டு ஐசோப்ரீன் ஒட்டிக்கொண்டது அது. 68 இருமடங்கானால் 136.

ஆனாலும் இது ஒரு நீண்ட சங்கிலி என்று யாரும் நம்பவில்லை. சின்ன மூலக்கூறுகள் ஏதோ ஒரு கவர்ச்சியால் குவியலாகக் கிடக்கின்றன என்றே பெரிய பெரிய பேராசிரியர்கள் நினைத்தார்கள். ஹெர்மான் ஸ்டாடிங்கர் என்ற ஜெர்மானியர் 1920இல், இல்லை, இது உண்மையான சங்கிலி, ஆயிரக்கணக்கான கண்ணிகள் கொண்டது என்று எழுதினார். பல ஆண்டுகள் எதிர்ப்பைச் சந்தித்தார். நோபல் பரிசு கிடைத்தது 1953இல். ஆக, நம் பாட்டன்மார் மரம் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், அவர்கள் கையில் ஒட்டியிருந்த ஒட்டுப்பால் என்ன பொருள் என்பதைப் பற்றி ஐரோப்பாவில் அறிஞர்களே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்!

உடைத்துப் பார்ப்பது

இப்போது எடை போடும் கருவிக்கு வருவோம். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்பது அதன் பெயர். நிறை நிறமாலைமானி என்று தமிழில் எழுதுகிறார்கள். வாயில் நுழைய வேண்டுமே என்பதற்காக நான் நிறைமானி என்று சொல்லிக்கொள்கிறேன்.

மூலக்கூறைத் தராசில் வைக்க முடியாது. ஆகவே அதற்கு மின்னேற்றம் கொடுத்து, காற்றே இல்லாத ஒரு குழாய்க்குள் ஓடவிடுகிறார்கள். ஒரே பலத்தோடு ஒரு மிதிவண்டியையும் ஒரு பால் லோரியையும் தள்ளிவிட்டால் எது முதலில் போய்ச் சேரும்? அதே கதைதான். இலேசானது முன்னால் வரும், கனமானது பின்னால் வரும். எவ்வளவு நேரத்தில் வந்தது என்று பார்த்தால் எடை தெரிந்துவிடும். காந்தத்தால் வளைத்துப் பார்க்கும் வகையும் உண்டு, வேறு வகைகளும் உண்டு. அடிப்படை இதுதான்.

இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர் கேம்பிரிட்ஜில் இருந்த ஃபிரான்சிஸ் ஆஸ்டன். 1919இல் கருவியைக் கட்டி, அடுத்து அவர் சோதித்தவற்றில் ஒன்று குளோரின். குளோரின் அணுக்கள் எல்லாம் ஒரே எடை அல்ல, 35 என்றும் 37 என்றும் இரண்டு வகை, ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்திருக்கின்றன என்று காட்டினார். நூறு ஆண்டுக்கு முந்தைய இந்தக் கண்டுபிடிப்பு சின்னம்மாவின் கேள்விக்கு எப்படி உதவுகிறது என்பதை இப்போது பாருங்கள்.

ஒரு பிளாஸ்டிக் துண்டு கிடைக்கிறது. ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாகச் சுரண்டினால் போதும். அதை ஹீலியம் வாயுவுக்குள் வைத்துச் சட்டென்று 600 பாகை அளவுக்குச் சூடாக்குகிறார்கள். உயிர்வாயு இல்லாததால் அது எரியாது. சங்கிலி அறுந்து துண்டு துண்டாகும். வில்லியம்ஸ் 1860இல் செய்த அதே வேலை. அவர் வாளிக் கணக்கில் செய்ததை இன்று ஒரு தூசி அளவில் செய்கிறோம், அவ்வளவுதான். அந்தத் துண்டுகளை ஒரு நீண்ட மெல்லிய குழாய் வழியாக ஒவ்வொன்றாகப் பிரித்து, நிறைமானிக்குள் அனுப்பினால் எண்கள் வரிசையாக வெளியே வரும்.

68, 136 என்று வந்தால்? நீங்களே சொல்லிவிடுவீர்கள், ரப்பர். அதோடு 104, 54, 108 சேர்ந்து வந்தால் அது கார் டயர். 104 என்பது ஸ்டைரீன், 54 பியூட்டாடையீன், 108 இரண்டு பியூட்டாடையீன் சேர்ந்தது. கார் டயரின் மேல்பகுதியில் செயற்கை ரப்பரைத் தாராளமாகக் கலப்பார்கள். லோரி டயரிலும் விமான டயரிலும் இயற்கை ரப்பர்தான் அதிகம். கனமும் சூடும் தாங்க நம் மரத்துப் பால்தான் வேண்டும் போலிருக்கிறது.

104, 208, 312 என்று ஒன்று, இரண்டு, மூன்று மடங்காக ஏறினால் அது பாலிஸ்டைரீன். கடைகளில் உணவு கட்டிக் கொடுத்த வெள்ளைப் பெட்டி. நைலான் என்றால் பல நேரம் 113. பாலிபுரோப்பிலீன் என்றால் 126, அதாவது 42இன் மூன்று மடங்கு. கடைப்பையான பாலிஎத்திலீன் சற்று வேடிக்கையானது. அதன் சங்கிலியில் எந்த இடமும் மற்றதைவிடப் பலவீனமாக இல்லாததால் கண்ட இடத்தில் அறும். எல்லா நீளத்திலும் துண்டுகள் வரும். ஒவ்வொரு நீளத்துக்கும் இரண்டிரண்டு எடை வித்தியாசத்தில் மூன்று பேர் சேர்ந்து வருவார்கள். பத்துக் கார்பன் நீளம் என்றால் 138, 140, 142. அடுத்த மூவர் 14 கூட்டிக்கொண்டு வருவார்கள். மூன்று மூன்றாக அணிவகுப்புப் போனால் அது பாலிஎத்திலீன் என்று கருவி இயக்கும் பிள்ளைகள் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார்கள்.

பிவிசி என்றால் முதலில் வருவது ஹைட்ரஜன் குளோரைடு. அதன் எடை 36. கூடவே 38. முன்னது மூன்று பங்கு, பின்னது ஒரு பங்கு. ஆஸ்டன் கண்ட அந்த இரண்டு குளோரின்! அடுத்து 78, அதாவது பென்சீன். குளோரின் போட்டுவிட்டுப் போகும் இந்தக் கையெழுத்தைப் போலியாகப் போட முடியாது. தொண்டையை எரிக்கும் பொருளும் அந்த 36தான்.

உடைக்காமல் தூக்குவது

உடைத்துப் பார்த்தால் கண்ணி எதுவென்று தெரியும். ஆனால் சங்கிலி எவ்வளவு நீளம், அதன் இரண்டு முனைகளிலும் என்ன இருக்கிறது என்பது தெரியாது. உடைந்த வளையலைப் பார்த்து அது எந்த அளவு கைக்கு என்று சொல்ல முடியுமா? சங்கிலியை முழுதாகத் தூக்கி ஓடவிட வேண்டும். அங்கேதான் சிக்கல். பெரிய மூலக்கூறு ஆவியாகாது. சூடாக்கினால் பறப்பதற்குள் கருகிவிடும்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர்களில் ஒருவர் கொய்ச்சி தனாக்கா. ஜப்பானின் கியோட்டோவில் ஷிமாட்சு நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியியலாளர். படித்தது மின்பொறியியல், அதுவும் இளநிலைப் பட்டம் வரைதான். 1985இல் ஒரு நாள், மிக நுண்ணிய கோபால்ட் தூளில் அசிட்டோன் ஊற்ற வேண்டிய இடத்தில் கைதவறிக் கிளிசரினை ஊற்றிவிட்டார். தூள் விலை கூடியது. கொட்ட மனம் வரவில்லை. சரி, இருக்கட்டும் என்று அந்தக் குழம்பிலேயே மாதிரியைக் கலந்து லேசர் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தார். அதுவரை பறக்காத பெரிய மூலக்கூறு முழுதாக எழும்பி வந்தது! லேசரின் சூட்டைத் தூளும் கிளிசரினும் வாங்கிக்கொண்டு, மூலக்கூறை மெதுவாக மேலே தள்ளிவிட்டன. 2002இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசில் ஒரு பங்கு கிடைத்தது. வீட்டில் மிச்சம் மீதியை வீணாக்காத நம் தாய்மார்களுக்கு இந்தக் கதை பிடிக்கும் என்று நினைக்கிறேன். இன்று ஆய்வுக்கூடங்களில் பரவலாக இருக்கும் முறை, அதே காலத்தில் ஜெர்மனியில் கராஸ், ஹில்லன்காம்ப் ஆகிய இருவரும் வளர்த்தெடுத்தது. அதையும் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை.

இந்த முறையில் பாலிமரை ஓடவிட்டால் திரையில் ஓர் ஏணி தெரியும். சங்கிலிகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. 21 கண்ணி உள்ளது, 22 உள்ளது, 23 உள்ளது என்று கலந்திருக்கும். ஒவ்வொன்றும் ஏணியின் ஒரு படி. இரண்டு படிகளுக்கு இடையே உள்ள தூரம், ஒரு கண்ணியின் எடை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மருந்திலும் பற்பசையிலும் சேர்க்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்று ஒரு பொருள். அதன் ஏணியில் 965, 1009, 1053 என்று படிகள். இடைவெளி 44. சரி, கண்ணியின் எடை 44. ஓடுவதற்காக ஒட்டிக்கொண்ட சோடியம் 23. அதை 1009இல் கழித்தால் 986. அதில் இருபத்திரண்டு 44, அதாவது 968 போனால் மிச்சம் 18. இந்த 18 என்ன? ஒரு முனையில் ஹைட்ரஜன், மறுமுனையில் ஹைட்ராக்சில். ஒன்றும் பதினேழும் பதினெட்டு. இதே ஏணி 979, 1023, 1067 என்று 14 தள்ளி நின்றிருந்தால்? இடைவெளி அதே 44, மிச்சம் மட்டும் 32. ஒரு முனையில் மெத்தில் என்ற வேறு தொப்பி போட்டிருக்கிறது என்று பொருள். இடைவெளி குடும்பப் பெயரைச் சொல்கிறது, மிச்சம் பிறந்த ஊரைச் சொல்கிறது. எந்த முறையில் தயாரித்தார்கள் என்பது அந்த முனையில்தான் எழுதியிருக்கும். வெயிலில் கிடந்து உளுத்த பிளாஸ்டிக்கில் உயிர்வாயு ஏறியிருந்தால் 16 கூடிய புதுப் படிகள் தோன்றும்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். இந்த முறையில் குட்டிச் சங்கிலிகள் சுலபமாகப் பறக்கும், நீண்டவை பறக்கச் சிரமப்படும். கலவையாக இருந்தால் கருவி குட்டிகளையே அதிகம் எண்ணிவிடும். முன்கூட்டியே நீள வாரியாகப் பிரித்துக் கொடுத்தால்தான் கணக்குச் சரியாக வரும். பாலிஸ்டைரீனுக்கும் ரப்பர்க் குடும்பத்துக்கும் சோடியம் ஒட்டாது, வெள்ளி உப்பைக் கலக்க வேண்டும். எங்கும் நிறைந்திருக்கும் பாலிஎத்திலீனோ வெள்ளிக்கும் மசிவதில்லை. நம் இயற்கை ரப்பரின் சங்கிலியோ பத்து லட்சம் எடை அளவுக்குப் போகிறது. அதை முழுதாகத் தூக்கி, படி படியாகப் பார்ப்பது இன்னும் கைவராத காரியம்.

எடைக்குத் தெரியாத ஒன்று

நம் காடுகளில் 'கெத்தா தாபான்' என்று ஒரு மரம் உண்டு. அதன் பாலில் கிடைப்பது கட்டாப்பெர்ச்சா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு உறை போட்டது இதை வைத்துத்தான். பல் மருத்துவர்கள் வேர்ச் சிகிச்சையில் இன்றும் இதைத்தான் அடைக்கிறார்கள். ரப்பர் இழுத்தால் நீளும். இது இழுபடாது, கெட்டியாக நிற்கும். இரண்டும் முற்றிலும் வேறு பொருள் என்று குழந்தைகூடச் சொல்லும்.

நிறைமானியில் இரண்டையும் போடுங்கள். அதிலும் 68, 136. இதிலும் 68, 136. அதே ஐசோப்ரீன், அதே எடை! வித்தியாசம் எங்கே? ரப்பரில் சங்கிலி ஒவ்வொரு கண்ணியிலும் ஒரே பக்கமாக உள்ளே நுழைந்து வெளியே வருகிறது. கட்டாப்பெர்ச்சாவில் எதிரெதிர்ப் பக்கமாக. அதனால் ரப்பர் சுருண்டு கிடக்கிறது, மற்றது நேராக அடுக்கிக்கொள்கிறது. எடை மாறவில்லை, திரும்பி நிற்கும் விதம் மாறியிருக்கிறது. இதைச் சொல்ல அகச்சிவப்பு ஒளியோ, அணுக்கருக் காந்த ஒத்திசைவு என்ற வேறு கருவியோ வேண்டும். யசுயூக்கி தனாக்கா என்ற ஜப்பானிய ஆய்வாளர் அந்தக் காந்த முறையைக் கொண்டுதான், நம் ரப்பர்ச் சங்கிலியின் தொடக்கத்தில் மட்டும் இரண்டு கண்ணிகள் எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருப்பதைக் கண்டறிந்தார். முன்னே சொன்ன தனாக்கா வேறு, இவர் வேறு.

நிறைமானி எல்லாம் சொல்லிவிடும் என்று விளம்பரம் செய்பவர்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள் என்பதற்காக இதைச் சொன்னேன்.

கொள்கலனுக்குள் என்ன?

சட்டத்துக்கு வருகிறேன். 2019 மே மாதத்தில் அன்றைய அமைச்சர் இயோ பீ யின், கழிவு நிறைந்த கொள்கலன்களைத் திருப்பி அனுப்பப்போவதாக அறிவித்தார். 2020 ஜனவரிக்குள் 13 நாடுகளுக்கு 150 கொள்கலன்கள், 3,737 டன், திரும்பிப் போயிருந்தன. பாசல் ஒப்பந்தத்தின் திருத்தம் 2021 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. 2025 ஜூலை 1 முதல் மலேசியா இன்னும் இறுக்கியது. பாசல் ஒப்பந்தத்தில் சேராத நாடுகளிலிருந்து பிளாஸ்டிக் கழிவு வரக்கூடாது, வருவதற்கும் சிரிம் நிறுவனத்தின் சான்று வேண்டும்.

அந்தப் பாசல் திருத்தத்தில் ஒரு வரி இருக்கிறது. ஏறக்குறைய முழுக்க ஒரே வகைப் பாலிமராக, குளோரின் போன்றவை இல்லாததாக, சுத்தமாக, மறுசுழற்சிக்குப் போவதாக இருந்தால் சாதாரணச் சரக்கு மாதிரி போகலாம். கலப்படமாகவோ பிவிசியாகவோ இருந்தால் வாங்கும் நாட்டின் முன் ஒப்புதல் வேண்டும். அதாவது, கொள்கலனுக்குள் இருப்பது என்ன பாலிமர் என்பது இப்போது சட்டக் கேள்வி. சின்னம்மாவின் கேள்வி ஜெனீவா வரைக்கும் போய்விட்டது!

தாளில் 'ஒரே வகைப் பிளாஸ்டிக்' என்று எழுதிவிடலாம். கதவைத் திறந்து பார்த்தால் சில்லுச் சில்லாக அரைத்த பிளாஸ்டிக். கண்ணுக்கு எல்லாம் ஒரே மாதிரி. துறைமுகத்தில் கையடக்க அகச்சிவப்புக் கருவியால் விரைவாகப் பார்க்கலாம். பெரும்பாலானவற்றுக்கு அது போதும். ஆனால் கரித்தூள் கலந்த கறுப்புப் பிளாஸ்டிக்கில் அந்த ஒளி விழுங்கப்பட்டுவிடும், கருவி விழிக்கும். கருகியது, கலந்தது, அழுக்கேறியது எல்லாம் சிரமம். அப்படிப்பட்டவற்றை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி உடைத்து எடை பார்த்தால் பதில் வரும். மெதுவான வேலை, செலவும் கூடுதல். எல்லாக் கொள்கலனுக்கும் செய்ய முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1965இல் நாம் விற்ற ரப்பருக்கு இந்த நாடு போட்ட விதி, நாம் வாங்கும் குப்பைக்கு ஏன் பொருந்தக்கூடாது?

கேள்வி நேரம்

எரிந்து முடிந்த சாம்பலை வைத்து என்ன பிளாஸ்டிக் என்று கண்டுபிடிக்க முடியுமா என்று கிள்ளானிலிருந்து வந்த ஓர் அன்பர் கேட்டார். முழுதாக எரிந்துவிட்டால் சங்கிலி போய்விடும், பாலிமரைச் சொல்ல முடியாது. ஆனால் எரிக்கிறவர்கள் அவ்வளவு ஒழுங்காக எரிப்பதில்லை. உருகி உறைந்த கட்டிகள் ஓரத்தில் கிடக்கும். அதிலிருந்து சொல்லலாம். மண்ணில் டையாக்ஸின் இருக்கிறதா என்பதையும் மிக நுட்பமான நிறைமானியால்தான் பார்க்கிறார்கள். அங்கேயும் 35, 37 என்ற குளோரின் கையெழுத்துத்தான் சாட்சி. ஆகவே புகார் கொடுக்கும்போது, அதிகாரிகள் மாதிரி எடுக்க வேண்டும் என்று சேர்த்துக் கேளுங்கள். மழை பெய்து கழுவிப் போவதற்கு முன்னால் எடுக்கச் சொல்லுங்கள். நீங்களாகப் போய்ப் பொறுக்க வேண்டாம்.

புட்டியின் அடியில் முக்கோணத்துக்குள் எண் போட்டிருக்கிறதே, அது போதாதா என்று ஒரு மாணவி கேட்டார். நல்ல கேள்வி. 1 என்றால் தண்ணீர்ப் புட்டி வகை, 3 என்றால் பிவிசி, 5 என்றால் பாலிபுரோப்பிலீன், 6 பாலிஸ்டைரீன். 7 என்றால் 'மற்றவை'. அதாவது ஒன்றும் சொல்லவில்லை. அந்த எண் தயாரித்தவர் சொல்லும் வாக்குமூலம். அதுவும் அரைத்துச் சில்லாக்கிவிட்டால் எண் எங்கே இருக்கும்?

கொஞ்சம் கொளுத்தி மோந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்று பழைய புத்தகங்களில் போட்டிருக்கிறதே என்று இன்னொருவர். போட்டிருக்கிறது, உண்மை. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் பரிசோதனையைத்தான் ஜெஞ்சாரோம் மக்களை வைத்து நடத்தினார்கள்.

கடைசியாக, சின்னம்மாவிடம் இதையெல்லாம் சொன்னாயா என்று நெறியாளர் கேட்டார். சொன்னேன். 68 கணக்கையும் சொன்னேன். அவர் வெட்டிய பாலில் ஒரு சங்கிலியில் ஏறக்குறைய பதினைந்தாயிரம் கண்ணி இருக்கும், எடை பத்து லட்சம் வரும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பத்து லட்சமா? மெட்ரோலாக்கு போட்ட கிராணி அதைச் சொல்லவே இல்லியே தம்பி" என்றார்.